கையில குடுக்காத அபராதக் காசு

மகிழ்ச்சியாம் தம்பி, மகிழ்ச்சி! ஒரு பாங்கு எனக்கு லெட்டர் போடுது, "தங்கள் குடும்பத்தின் நிலை மேம்பட்டிருப்பதை அறிந்து மிக்க மகிழ்ச்சி அடைகிறோம்"னு. ஏன்யா, என் நிலை மேம்பட்டா நீ எதுக்கு மகிழ்ச்சி அடையறே? நீ என்ன எனக்கு மாமனா, மச்சானா? ...திரையை நல்லா இழுத்துக்கங்க தம்பி. அந்த ஓரத்துல ரெண்டு வளையம் போயிடுச்சு, கொஞ்சம் காத்து வரும். வெளியிலேர்ந்து யாருக்கும் தெரியாது. தெரிஞ்சாதான் என்ன, சட்டை நீளமாத்தானே போட்டிருக்கீங்க. உங்க பேன்ட் என் கையில பத்திரமா இருக்கு, நீங்க அந்த ஸ்டூல்ல நிம்மதியா உக்காருங்க.

அடேங்கப்பா! உக்கார்ற இடத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. பஸ்ல ஏறும்போதா? ...ஆமா, அந்தப் பஸ்ஸுக்குப் படி உசரம். என்னது, இன்டர்வியூவா? அய்யய்யோ, எத்தனை மணிக்கு? ...ஓ, நாலு மணிக்குத்தானே. நிறைய நேரம் இருக்கு. எனக்கும் நாலு மணிக்குள்ளதான் அந்தப் பாங்குலேர்ந்து ஒரு போன் வரணும். வராம இருந்தா புண்ணியம். இன்னைக்கு ஆபீஸ் மூடற நேரத்துக்குள்ள கூப்பிடுவாங்களாம், பேசி முடிவு பண்ணுவாங்களாம். முடிவு தப்பாப் போச்சுன்னா இந்தக் கடை, இந்த மிஷின், இந்த ஸ்டூல், நீங்க உக்காந்திருக்கீங்களே அதேதான், எல்லாத்துக்கும் ஒரு கும்பிடு போட வேண்டியதுதான்.

இங்க பாருங்க... பாக்க முடியாதுல்ல, சரி, நான் சொல்றேன். உள்ள எவ்வளவு துணி விட்டிருக்கான் தெரியுமா? நகக்கண் அளவு. ரெடிமேட் எடுத்தா இப்படித்தான். அந்தக் காலத்து... வேணாம், விடுங்க. இதுல நான் ஒத்தைத் தையல் போட்டுக் குடுத்தேன்னா, அவங்க "உக்காருங்க"ன்னு சொல்லி நீங்க உக்கார்ற அந்த நிமிஷமே பட்டுனு போயிடும். அப்புறம் வேலை கிடைச்சாலும் எழுந்து கை குடுக்க முடியாது. உள்பக்கமா ஒரு பட்டை வச்சு ரெட்டைத் தையல் போட்டுத் தரேன். முதல்ல பழைய நூலைப் பிரிக்கணும். பிரிக்கறதுக்குத்தான் நேரம் ஆகும், தைக்கறது ஒரு நொடி.

எங்க விட்டேன்? ஆங், மகிழ்ச்சி. உங்ககிட்ட கிரெடிட் கார்டு இருக்கா தம்பி? ...இல்லையா? நீங்க நல்லா இருப்பீங்க. எங்களுக்கு அது கூப்பிடாமலே வீட்டுக்கு வந்துச்சு, கவர்ல, பளபளன்னு. அவரு, என் வீட்டுக்காரர், அதை அலமாரியில துணிக்கு அடியில போட்டு வச்சிருந்தாரு. தொடவே மாட்டாரு. அப்புறம் ஒரு நாள் அவரு வேலை பாத்த அச்சாபீஸ் ஷட்டரை இறக்கிடுச்சு. காலையில வேலைக்குப் போனவரு டிபன் பாக்ஸைத் திறக்காமலே திரும்பி வந்துட்டாரு. வேற வேலை கிடைக்கற வரைக்கும் அந்தக் கார்டுதான் எங்களுக்குச் சம்பளம். மளிகை கார்டுல, கரன்ட் பில் கார்டுல, இந்தக் கடை வாடகையும் கார்டுல.

கடன் வாங்கினா கட்டணும், அதை நான் இல்லேங்கல. ஆனா இந்த அபராதம் இருக்கு பாருங்க! ஒரு நாள் லேட்டாக் கட்டினா ஒரு அபராதம். சரி, போகட்டும். அந்த அபராதத்தைக் கடனோட சேத்ததும் கார்டோட எல்லை தாண்டிடுச்சாம், அதுக்குத் தனியா ஒரு அபராதம்! நானா தாண்டினேன்? வீட்டுல சும்மா உக்காந்திருந்தவளைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டது அவன். போட்டுட்டு, ஏன் வந்தேன்னு அவனே கேக்கறான். மாசாமாசம் இதே கூத்து. கடைசியில கடன் எவ்வளவு, அபராதம் எவ்வளவுன்னே எங்களுக்குப் புரியல.

...இல்ல இல்ல, பிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். கை பாட்டுக்குக் கை, வாய் பாட்டுக்கு வாய். ஆனா ஒண்ணு, மிஷின் ஓட்டும்போது மட்டும் நான் பேச மாட்டேன். சத்தத்துல நான் சொல்றது எனக்கே கேக்காது. அதனால பேசி முடிச்சுட்டு ஒரேயடியா ஓட்டிடுவேன்.

அப்பதான் இவரு ஒரு காரியம் பண்ணாரு. கடன்ல மாட்டினவங்களுக்கு இலவசமா யோசனை சொல்ற ஆபீஸ் ஒண்ணு இருக்கு, மார்க்கெட் பின்னாடி, மாடியில. என்னை அங்க கூட்டிட்டுப் போனாரு. அங்க ஒரு பொண்ணு, வட்டக் கண்ணாடி போட்டுக்கிட்டு. நல்ல பொண்ணுதான், குறை சொல்லக் கூடாது. ஆனா அது கேட்ட கேள்வி இருக்கே! சோப்புக்கு எவ்வளவு, செருப்புக்கு எவ்வளவு, முடி வெட்ட எவ்வளவு. இவரு சொல்றாரு, "எனக்கு வெட்ட முடியே இல்லம்மா. என் வீட்டுக்காரிதான் மாசம் ஒரு டப்பா சாயம் வாங்குவா"ன்னு. தம்பி, நான் சாயம் போடறது என் கூடப்பிறந்த அக்காவுக்கே தெரியாது! அந்தப் பொண்ணு நிமிர்ந்து என் தலையை ஒரு பார்வை பாத்துட்டு, "இதரச் செலவு"ன்னு எழுதிக்கிச்சு. என் தலை இதரச் செலவு! மேஜைக்கு அடியில அவரு தொடையைக் கிள்ளினேன். அதுக்கு அவரு, "ஏன் கிள்ளறே?"ன்னு சத்தமாக் கேக்கறாரு.

...சிரிக்கறீங்க. சிரிங்க. உங்களுக்கும் கல்யாணம் ஆகும்ல.

ஆனா வேலை நடந்துச்சு. அந்தப் பொண்ணு எல்லாத்தையும் பாங்குக்கு எழுதிப் போட்டு, இவங்களால மாசம் இவ்வளவுதான் முடியும், வட்டியை நிறுத்துங்க, அபராதத்தை நிறுத்துங்கன்னு கேட்டுச்சு. பாங்குக்காரங்களும் முக்கி முனகி ஒத்துக்கிட்டாங்க. ஒரு சின்னத் தொகை. ரெண்டு கோட்டுக்கு லைனிங் மாத்தினா வந்துடும், அவ்வளவுதான். அதை அவரு ஒரு மாசம்கூடத் தவறாமக் கட்டறாரு. ஆனா இதுல ஒரு சங்கதி இருக்கு. கோர்ட்டு கிடையாது, பத்திரம் கிடையாது, முத்திரை கிடையாது. நீங்க ஒழுங்காக் கட்டற வரைக்கும் நாங்க சும்மா இருக்கோம், உங்க நிலைமை மாறினா நாங்களும் மாறுவோம், அப்படின்னு ஒரு பேச்சு. எப்ப வேணாலும் அவங்க "முடியாது"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிடலாம். அந்தக் கண்ணாடிப் பொண்ணு இதைப் பத்துத் தடவை படிச்சுப் படிச்சு சொல்லிச்சு.

அய்யோ! போன்! ...இருங்க, அசையாதீங்க. சத்தம் போடாதீங்க. அடிக்கட்டும். அது பாட்டுக்கு அடிச்சுட்டுப் போகட்டும். கடை பூட்டியிருக்குன்னு நினைச்சுப்பாங்க. ...நின்னுடுச்சு. அப்பாடா! யாரோ தப்பான நம்பரா இருக்கும். இந்தப் பக்கம் நிறைய அப்படி வரும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? டீச்சர். டீச்சரைப் பத்திச் சொல்லலையா இன்னும்? கணக்கு டீச்சர் ஒருத்தங்க, மகராசி, ஸ்கர்ட் இடுப்பை வருஷத்துக்கு ஒரு தடவை தளர்த்திவிட வருவாங்க. இறுக்கவான்னு நானும் கேக்கறதில்ல, அவங்களும் சொல்றதில்ல. இடுப்பை அளந்துக்கிட்டே நான் இந்த அபராதக் கதையைச் சொன்னேன். அவங்க சொன்னாங்க, "அக்கா, அதைத் திருப்பிக் கேக்கலாமே! லேட்டானதால அவங்களுக்கு ஆன செலவை விட ஜாஸ்தியா வாங்கியிருந்தா, எழுதிக் கேட்டாக் குடுத்துடறாங்க. எங்க ஸ்கூல்ல ரெண்டு பேர் வாங்கிட்டாங்க"ன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு! டேப்பை அப்படியே கீழ போட்டுட்டேன். நம்ம காசு, கேட்டாத் தருவாங்களாம், கேக்காம இருந்திருக்கோம்!

அவர்கிட்ட சொல்லல. சொன்னா, "அந்தப் பொண்ணைக் கேட்டுக்கலாம்"பாரு. எல்லாத்துக்கும் அந்தப் பொண்ணு! டீச்சரே மாதிரி லெட்டர் ஒண்ணு எழுதிக் குடுத்தாங்க, அதைப் பாத்து நானே என் கையால எழுதிப் போட்டேன். கார்டு என் பேர்லயும் இருக்கே. மனசுக்குள்ள என்ன திட்டம் தெரியுமா? செக் வரும். மாத்தி, அந்தக் காசை அவரு கையில வச்சு, "பாத்தீங்களா, நீங்க மாடியேறிப் போய் என் சாயத்தை எல்லாம் சொல்லிக் குனிஞ்சு நின்னீங்க. நான் நிமிர்ந்து நின்னு வாங்கிட்டு வந்திருக்கேன்"னு சொல்லணும். அவ்வளவுதான் தம்பி. ஒரே ஒரு தடவை அவரு வாயைத் திறந்து "பரவாயில்லையே"ன்னு சொல்லணும். அந்த மனுஷன் வாயிலேர்ந்து நல்ல வார்த்தை வாங்கறதும் பாங்குலேர்ந்து காசு வாங்கறதும் ஒண்ணுதான்.

பதில் வந்துச்சு. ஒத்துக்கிட்டாங்க! எல்லாத்துக்கும் இல்ல, முக்காவாசிக்கு. நான் கவரைக் கவுத்து உதறறேன், உள்ள விரலை விட்டுத் தடவறேன், செக்கைக் காணோம். அப்புறம்தான் கீழ படிக்கறேன், "மேற்படி தொகை தங்கள் நிலுவையில் கழிக்கப்பட்டுவிட்டது." கழிச்சுட்டாங்களாம்! என் காசை என் கண்ணுல காட்டாம, அவங்களே குடுத்து அவங்களே வாங்கிக்கிட்டாங்க!

...என்ன? கடன் குறைஞ்சா நல்லதுதானேவா? இதையேதான் அந்தக் கண்ணாடிப் பொண்ணும் சொல்லிச்சு! நான் ரகசியமா மாடியேறிப் போய்க் கேட்டேன். "அதே பாங்குலதானே கடனும் இருக்கு, அவங்க கழிச்சுக்கலாம்மா. உங்களுக்கும் லாபம்தான், அத்தனை மாசம் முன்னாடியே முடிஞ்சிடும். இதோட விட்டுடுங்க. இனிமே எது எழுதறதா இருந்தாலும் எங்கிட்ட காட்டிட்டு எழுதுங்க"ன்னு. லாபமாம். தம்பி, நான் உங்ககிட்ட ஜாஸ்தியாக் காசு வாங்கிட்டேன்னு வைங்க. நீங்க திருப்பிக் கேக்கறீங்க. நான், "அடுத்த தடவை உங்க பேன்ட் கிழியும்போது கழிச்சுக்கறேன்"னா உங்களுக்கு எப்படி இருக்கும்? ...ஆங்! அதான்!

இதோ, பிரிச்சாச்சு. பட்டைத் துணி தேடறேன். கறுப்பு இருந்துச்சே... இது கருநீலம். உள்பக்கம்தானே, யார் பாக்கப் போறாங்க? நீங்களும் பாக்க முடியாது. இருங்க, ஊசி மாத்தணும், இந்தத் துணிக்கு இது மெல்லிசு. அய்யோ, கீழ விழுந்துடுச்சு. நீங்க வெறுங்காலோட வெளிய வந்துடாதீங்க தம்பி, குத்திடும்.

சரி, அந்த மகிழ்ச்சி லெட்டர். அது இதுக்கு அப்புறம் வந்துச்சு, போன வாரம். நிலை மேம்பட்டிருக்காம், அதனால அந்தச் சின்னத் தொகை இனிமே போதாதாம், முழு மாசத் தவணையும் கட்டணுமாம், வட்டியும் திரும்பவும் ஓடுமாம். இன்னைக்குப் போன்ல பேசி உறுதி பண்ணிப்பாங்களாம். முழுத் தவணைன்னா தெரியுமா? அவரு சம்பளத்துல பாதி போயிடும். மீதியில வீட்டு வாடகை. அப்ப கடை வாடகைக்கு எங்க போறது? இந்த மிஷினை வித்தாக்கூட நாலு மாசம் தாங்காது. அந்த மனுஷன் அவ்வளவு தூரம் போய், எல்லார் முன்னாடியும் வீட்டு விஷயத்தைக் கொட்டி, வாயைக் கட்டி வயித்தைக் கட்டி உண்டாக்கின ஏற்பாடு தம்பி அது. ஒரே போன்ல போயிடும்.

லெட்டரை அவர்கிட்ட காட்டல. நூல் சுத்தி வைக்கற பாபின் டப்பாவுக்குள்ள மடிச்சு வச்சிருக்கேன்.

இப்ப கேள்வி என்னன்னா, நாங்க நல்லா இருக்கோம்னு பாங்குக்கு யார் போய்ச் சொன்னாங்க? எனக்கு என் ஓரகத்தி மேலதான் சந்தேகம். அவரோட தம்பி பொண்டாட்டி. போன மாசம் வீட்டுக்கு வந்தா. யாரோ ஒரு டாக்டரம்மாவோட திரைச்சீலை, ஓரம் அடிக்க வாங்கினது, இஸ்திரி போட்டு ஜன்னல்ல மாட்டியிருந்தேன், கசங்காம இருக்கட்டும்னு. அதைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு, "அக்காவுக்கு இப்ப நல்ல காலம்"னு சொன்னா. நானும் இல்லேன்னு சொல்லல. ஏன் சொல்லணும்? அவ அப்படியே நேரா பாங்குக்குப் போயிருப்பா... ஆனா அவளுக்கு எந்தப் பாங்குன்னே தெரியாது. டீச்சரா இருக்குமோ? சேச்சே, டீச்சர் அப்படிப்பட்டவங்க இல்ல. கண்ணாடிப் பொண்ணு? அது நம்ம பக்கம்.

...என்ன கேக்கறீங்க? "அந்த முதல் பதிலுக்கு அப்புறம் நீங்க திரும்ப எதாவது எழுதினீங்களா?"வா? அடேயப்பா! திரைக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு வக்கீல் கேள்வி கேக்கறீங்களே! உங்களுக்கு அந்த வேலை கண்டிப்பாக் கிடைச்சுடும். ...எழுதினேன். ஒரு நாலு வரி. மனுஷின்னா கோபம் வராதா?

சரி, நான்தான் தம்பி. போதுமா? யாரும் போய்ச் சொல்லல, நானே எழுதிப் போட்டேன். அபராதக் காசைக் கடன்ல கழிச்சு எங்களுக்கு உபகாரம் பண்ண வேண்டாம், கையில குடுங்க, கடனை நாங்க எப்ப வேணாலும் தூக்கி எறிவோம்னு ஆரம்பிச்சேன். ஆரம்பிச்சதும் கை நிக்கல. என் வீட்டுக்காரர் இப்ப பெரிய கம்பெனியில மேனேஜர்னு எழுதினேன். அவரு கிடங்குல பெட்டி அடுக்கறாரு. என் பொண்ணு மாசாமாசம் பணம் அனுப்பறான்னு எழுதினேன். பாவம், அது கைக்குழந்தையை வச்சுக்கிட்டு அதுவே அல்லாடுது. கடையில வேலை தலைக்கு மேல கிடக்கு, ரெண்டு பேர் நாள் பூரா நின்ன கால்ல நிக்கறாங்கன்னு எழுதினேன். திரையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்க... அதோ ஜன்னல் ஓரம், அந்த ரெண்டு பொம்மை. அதுல ஒண்ணுக்குத் தலையே கிடையாது.

ஏன் எழுதினேன்னு கேளுங்க. ...நீங்க கேக்காட்டியும் சொல்றேன். சாயம் வரைக்கும் எழுதிக்கிட்டாங்க தம்பி. நாங்க என்ன சோப்புப் போடறோம்னு அந்தப் பாங்குல யாரோ ஒருத்தன் படிச்சிருப்பான். அதே பாங்குல ஒருத்தனாவது எங்களை நல்லா வாழறவங்கன்னு நினைக்கட்டுமேன்னு இருந்துச்சு. அந்த லெட்டரை எழுதின அந்தக் கொஞ்ச நேரம் நான் நிஜமாவே நல்லா இருந்தேன். அவரு மேனேஜரா இருந்தாரு. பொண்ணு சௌக்கியமா இருந்தா. ஸ்டாம்பு ஒட்டும்போதுகூட சிரிச்சுக்கிட்டே ஒட்டினேன்னா பாத்துக்கங்க.

இப்ப அவனுக்கு மகிழ்ச்சி, எனக்குத் தூக்கம் போச்சு.

சரி சரி, ஓட்டறேன். வாயை மூடிக்கறேன்.

...

ஆச்சு! பாருங்க, ஒரு நொடிதான்னு சொன்னேன்ல? ரெட்டைத் தையல், இனிமே யானை உக்காந்தாலும் பிரியாது. இருங்க, இஸ்திரிப் பெட்டி சூடா இருக்கு, ஒரு இழுப்பு இழுத்துத் தரேன். மடிப்பு கத்தி மாதிரி நிக்கணும் இன்டர்வியூவுக்கு. ...காசா? வேணாம் தம்பி, ஒரு பைசா வேணாம். இல்ல, நிஜமாத்தான். அதுக்குப் பதிலா ஒரு சின்ன உதவி. ரொம்பச் சின்னது. மறுபடியும் போன் வரும். நீங்க எடுத்து அவரு மாதிரி பேசிடறீங்களா? ஆம்பளைக் குரல்தானே, யாருக்குத் தெரியப் போகுது? "அவ ஏதோ கோபத்துல எழுதிட்டா, எங்க நிலைமை பழைய மாதிரிதான்"னு ரெண்டு வாக்கியம். எனக்கு அதைச் சொல்ல நாக்கு எழும்ப மாட்டேங்குது. நாலு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாக்கறேன், "ஏதோ கொஞ்சம் கஷ்டம்"கற வரைக்கும்தான் வருது.

...தப்பா? என்ன தப்பு? ஆள்மாறாட்டமா? பெரிய வார்த்தையெல்லாம் சொல்லாதீங்க தம்பி. சரி, பேச வேணாம், பக்கத்துல சும்மா நில்லுங்க, எனக்குத் தைரியமா இருக்கும். ...கையை நீட்டறீங்க. குடுத்துட்டா ஓடிடுவீங்க. ...ஓட மாட்டீங்களா? சத்தியமா? இந்தாங்க. கொஞ்சம் சூடா இருக்கும், பாத்துப் போடுங்க.

அய்யோ, அடிக்குது! தம்பி, போன் அடிக்குது! போட்டாச்சா? கொஞ்சம் வாங்களேன்... தம்பி? பெல்ட்டை அப்புறம் போட்டுக்கலாம்... அட, கதவு! ஏங்க! தம்பி! சட்டையை உள்ள விடுங்க, பின்னாடி வால் மாதிரி தொங்குது! ...போயிட்டாரு. ஸ்டூல் மேல காசை வேற வச்சுட்டுப் போயிருக்காரு. கருநீலப் பட்டைக்கு ஜாஸ்தியாவே வச்சிருக்காரு.

அடிச்சுக்கிட்டே இருக்கு.

...ஹலோ. ஆமா, நான்தான் பேசறேன். ...பதிவு பண்றீங்களா? பண்ணிக்கங்க. இல்லம்மா, இருங்க, நீங்க ஒண்ணும் கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், அப்புறம் எனக்கு வராது. அந்த லெட்டர் நான் எழுதினது. அதுல இருக்கறது எல்லாம் பொய். அவரு மேனேஜர் இல்ல. என் பொண்ணு காசு அனுப்பறதில்ல, முடிஞ்சா நான்தான் அனுப்புவேன், முடியறதில்ல. கடையில நான் ஒருத்திதான், இன்னைக்கு வந்தது ஒரே ஒரு பேன்ட், அதையும் பேசிப் பேசியே துரத்திட்டேன். எங்களுக்கு அந்தச் சின்னத் தொகையே கஷ்டம்மா. அதுக்கு மேல ஒரு காசுகூட எங்களால ஆகாது. இது எதுவும் அவருக்குத் தெரியாது, அவரைத் தண்டிச்சுடாதீங்க... என்னம்மா? ...உங்களைப் பேசவே விடலையா? ஆமா, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. சொல்லுங்க.

...முடிஞ்சுடுச்சா? என்ன முடிஞ்சுடுச்சு? ...பழைய தொகையேவா? அப்ப ஏற்பாடு அப்படியே இருக்கா? ...இல்ல, எனக்குப் புரியல. இப்பத்தானே நான் சொன்னேன், அதுக்குள்ள எப்படி... யாரு? ...காலையிலயா? ...அவரா?

அவருக்கு எப்படித் தெரியும்? அது பாபின் டப்பாவுல... ஓ. போன ஞாயித்துக்கிழமை அவரு சட்டைக்குப் பட்டன் தைக்கறேன்னு நூல் தேடினாரு.

நான் எழுதினதை அவருக்குப் படிச்சுக் காட்டினீங்களா? அப்ப என்ன சொன்னாரு? ...சொல்லக் கூடாதுன்னு சொன்னாரா? நீங்க எங்க சொன்னீங்க, நானாத்தானே எல்லாத்தையும் உளறினேன். சொல்லுங்கம்மா. பரவாயில்ல. ...

"அவ எழுதின மாதிரிதான் நான் அவளை வச்சிருக்கணும். முடியல. அவகிட்ட இதைப் பத்தி ஒண்ணும் கேட்டுடாதீங்க, சங்கடப்படுவா." ...அப்படியா சொன்னாரு? இவ்வளவும் அவரா பேசினாரு? வேற யாராவது பேசியிருக்கப் போறாங்க. ...பிறந்த தேதியெல்லாம் சரியாச் சொன்னாரா. அப்ப அவருதான்.

இல்லம்மா, அழல. இஸ்திரிப் பெட்டி ஆவி, கண்ணுல பட்டுடுச்சு.

ஒரு உதவி பண்ணுங்க. நான் உங்ககிட்ட ஒத்துக்கிட்டது அவருக்குத் தெரிய வேண்டாம். அவரு சொன்னது எனக்குத் தெரியும்னும் அவருக்குத் தெரிய வேண்டாம். அவரு பாட்டுக்கு என்னைக் காப்பாத்திட்டதா நினைச்சுக்கிட்டு இருக்கட்டும். ...சரிம்மா. நல்லா இருங்க. ...இருங்க, இருங்க, வச்சுடாதீங்க! பதிவு பண்றோம்னு சொன்னீங்களே, காலையில அவரு பேசினதும் பதிவாகியிருக்கும்ல? ...அதைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன். ...விதியில இடமில்லையா? முழுசா வேணாம்மா. அந்த ஒரு இடம் மட்டும். இத்தனை வருஷத்துல அவரு என்னைப் பத்தி இவ்வளவு நீளமாப் பேசி நான் கேட்டதே இல்ல.